குசினிக்கு ஒரு ஹீட்டர்

ஹாவாஎலியவில் ஐஸுக்கு எதுக்கு மெஷின் என்று
பால்கார சுமணதாச முதல் நாளே சிரித்தான்.
லொறியிலிருந்து நாலு பேர் இறக்கினார்கள்.
குசினிக் கதவைக் கழற்றித்தான் உள்ளே போனது.
இரண்டு கதவு, நெஞ்சில் ஒரு குழி.
குழியில் கிளாஸை வைத்து அழுத்தினால்
தண்ணீர், கட்டி, தூள்,
கேட்டது விழும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு
எந்தக் குளிரிலும் ஐஸ் வேண்டும்.
பல் கிட்டும், மூக்கு சிவக்கும்,
கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீளும்:
"எமில்டா, இன்னும் நாலு கட்டி."

ஆறு மாதத்துக்கு ஒரு ஃபில்டர் என்கிறது புத்தகம்.
புத்தகத்துக்கு எங்கள் பீலி தெரியாது.
மே மழை இறங்கினால் தண்ணீரில் செம்மண்.
இரண்டே மாதத்தில் குழியில் விழும் நீர்
தையல் நூலாய் மெலிந்துவிடும்.
கழற்றிப் பார்த்தால்
வெள்ளையாய்ப் போனது
வெற்றிலை துப்பிய நிறத்தில் வரும்.
புதியதைத் திருகியதும் முதல் மூன்று வாளி
யாரும் குடிக்கக் கூடாது.
கறுப்புத் தூள் வரும்.
அதை ரோஜாவுக்கு ஊற்றுகிறேன்.
ரோஜா இதுவரை முறையிடவில்லை.

ஆள் வராத வாரங்களில்
கட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
ஒரே பாறையாகிவிடும்.
மரக்கரண்டியால் தட்ட வேண்டும், கத்தி ஆகாது.
உள்ளே கத்தி பட்ட தடம் ஒன்று இருக்கிறது.
அது நான் இல்லை என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஜனவரியில் ஒரு இரவு
புல்வெளி முழுக்க உப்புக் கொட்டினாற்போல் உறைபனி.
கீழ்த் தோட்டத்தில் உருளைக்கிழங்கு இலை
கருகிக் கிடந்தது.
விடிய எழும்பி வந்தால்
குசினித் தரையெல்லாம் தண்ணீர்.
பெட்டிக்குள் பாரை மீன் தளர்ந்து வளைந்திருந்தது.
கரண்ட் இருந்தது. கதவு மூடித்தான் இருந்தது.
வாளித் தண்ணீர் ஐஸாகிய அதே இரவில்
பெட்டியின் ஐஸ் தண்ணீராகியிருந்தது.

போனில் நோனா சொன்னார்:
"நீ கதவை ஒழுங்காகச் சாத்தியிருக்க மாட்டாய்."

மூன்றாம் நாள் நானுஓயாவிலிருந்து ரில்வான் வந்தான்.
முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
பிறகு சிரித்தான்.

"அக்கா, குசினியில நாலு பாகை.
இதுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்.
அவன் இருக்கிறது காய்கறிப் பக்கம்.
சுத்திப் பார்த்தான், எல்லாம் குளிரு.
வேலை முடிஞ்சதுன்னு மோட்டாரை நிப்பாட்டிட்டுப்
படுத்துட்டான்.
பக்கத்து அறையில ஐஸ் அழுகிறது
அவனுக்கு எப்படிக் கேக்கும்?"

காவல்காரன் தலைமாட்டில்
பதினைந்து வாட் பல்ப் ஒன்றைப் பொருத்தினான்.
சூடு காட்டினால்தான் குளிர்விக்குமாம்.
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு பிளேன்டீ.

கிளம்பும்போது
என் கால் மேஸையும் அதன்மேல் இன்னொரு மேஸையும்
பார்த்துக்கொண்டே நின்றான்.
பின்பக்கத்து என் அறைக் கதவு திறந்திருந்தது.
தகரக் கூரையிலிருந்து பனி உருகி
உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது.

"பல்ப் போதும்," என்றான்.
"ஆனா குசினி இராத்திரியில பதிமூணு பாகைக்குக்
குறையாம இருந்தா மெஷினுக்கு நல்லம்.
பில்லில எழுதவா?"

"எழுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஹீட்டர் வந்தது.
பெட்டியின் மேல் நோனாவின் கையெழுத்து:
பிரிஜ்ஜுக்கு மட்டும்.

இப்போது அது பிரிஜ்ஜுக்கு மட்டும்தான் எரிகிறது.
நடுவில் என் கட்டில் கிடக்கிறது,
அவ்வளவுதான்.
நோனா வருகிற நாளில் கட்டில் பின்னறைக்குப் போகும்,
இரவு நான் இரண்டு மேஸோடு படுப்பேன்.
மற்ற நாட்களில்
இரண்டு மணிக்கு ஒரு தடவை
உள்ளே கடகடவென்று கட்டிகள் விழும்.
முதலில் திடுக்கிட்டு எழும்புவேன்.
இப்போது கண் திறக்காமலே
சரி, வேலை செய்கிறான் என்று
சூட்டுப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.